எந்த விதி?

முழுநிலவு இரவு. அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் பாதையிலே மக்கள் வெள்ளம்! எங்கு நோக்கினும் கூப்பிய கைகள்! அவற்றைக் காணும்போதெல்லாம், கூப்ப இயலாத ஒரு கை என் நினைவிலே எழுகிறது. அது என் தந்தையின் வலக்கை.

இதே திருவண்ணாமலையில், ஓர் அரிசி ஆலையிலே வேலை பார்த்தவர் அவர். 1979ஆம் ஆண்டு, ஓடும் இயந்திரத்தில் நழுவிய பட்டையைச் சரிசெய்யச் சென்றார். மறைப்பேதும் இல்லாத அந்தப் பட்டை, அவருடைய நான்கு விரல்களை விழுங்கிற்று.

ஆலை முதலாளி கொடியவரல்லர். மருத்துவமனைக்கு வந்தார்; கண் கலங்கினார்; 300 ரூபாயை என் தாயின் கையிலே வைத்தார். "எல்லாம் விதி, அம்மா!" என்றார். பிறகு ஒரு தாள் வந்தது. இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று அதிலே எழுதியிருந்தது. தந்தையார் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தார். புண்ணியவான் என்று தெருவே முதலாளியைப் புகழ்ந்தது. நாங்களும் புகழ்ந்தோம்! ஆலைக் கட்டடத்துக்கும் நெல் மூட்டைகளுக்கும் அவர் காப்பீடு செய்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். விரல்களுக்கு மட்டும் இல்லை!

ஆண்டுகள் பல உருண்டோடிய பின், ஒரு நூலகத்திலே, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைப் படித்தேன். படித்தேன், பதைத்தேன்! பெருவிரல் இழந்தால் 30 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களும் இழந்தால் 50 விழுக்காடு என்று, உழைக்கும் ஆற்றலின் இழப்பை அதன் அட்டவணை அளந்து வைத்திருந்தது. முதலாளியின் தவறு என மெய்ப்பிக்கவும் வேண்டியதில்லை; வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயம் என்றால் போதும். உரிமையைத் துறந்ததாக எழுதி வாங்கும் தாள் செல்லாது என்றும் அச்சட்டம் சொல்லிற்று. கோரிக்கைக்கு 2 ஆண்டுக் கெடு. அது எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

விதி என்றார்களே, விதி இருக்கத்தான் செய்தது, தோழர்களே! நெற்றியிலே தேடினோம், அது சட்டப் புத்தகத்திலே இருந்தது!

ஜெர்மனி 1884லேயே விபத்துக் காப்பீட்டுச் சட்டம் செய்தது. பிரிட்டன் 1897ல் இழப்பீட்டுச் சட்டம் கண்டது. எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் செலவெழுதும் தொழில், உழைப்பவன் காயத்துக்கும் செலவெழுதட்டும் என்பதே அவற்றின் உட்பொருள். நம் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழி வந்ததே. 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. கட்டடத் தொழிலாளர்களுக்கென 1994ல் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே அமைந்தது.

ஆயினும் என்ன? சென்ற மாதம், மலைவலப் பாதையருகே எழும் ஒரு விடுதியின் வாயிலில், காலிலே கட்டுப் போட்ட கொத்தனார் ஒருவர் அமர்ந்திருந்தார். "நம்ம நேரம் சரியில்லீங்க" என்றார். வாரியத்திலே பதிந்திருக்கிறீரா என்றேன். விழித்தார். மறுநாள் காலை, அவரை அழைத்துக்கொண்டு தொழிலாளர் நல அலுவலகத்தின் படியேறினேன்.

என் தந்தை ஏறாத படிகள் அவை. இரக்கம் வாங்கும் கை தாழ்கிறது. உரிமை கேட்கும் கை, நான்கு விரல் இழந்ததாயினும், நிமிர்கிறது!