எருமை மேய்ந்த மந்தில் கேரட் பாத்தி

அரக்கோணம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: 'எழுபது செம்மறியும் இரண்டு ஏக்கர் மானாவாரியும் இருக்கின்றன. மேய்க்க இடமில்லை. ஆடுகளை விற்று, போர் போட்டு, முழு விவசாயத்துக்கு வந்துவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?'

உடனே பதில் எழுதவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு இதையே கேட்ட ஒருவரிடம், 'தாராளமா வித்துடுங்க' என்று சொன்னவன் நான். மூன்றாவது கோடையிலேயே அவருடைய போர் வற்றிவிட்டது. கைவசம் ஆடும் இல்லை. இன்று சென்னையில் காவலாளியாக இருக்கிறார்.

அந்த நினைப்போடுதான் போன மாதம் ஊட்டிக்கு ரயில் ஏறினேன். முத்தநாடு மந்துக்குப் போனேன். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. எருமைதான் அவர்கள் வாழ்க்கை, பால் கடையும் இடமே கோயில். ஏர் பிடித்த பழக்கமே கிடையாது. 1820-களில் வெள்ளைக்காரர்கள் மலையில் குடியேறினார்கள். பிறகு புல்வெளிகள் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் போயின. சுதந்திரத்துக்குப் பின் அரசே அவர்களை விவசாயத்துக்கு ஊக்கப்படுத்தியது. நிலத்தை விற்க முடியாது என்பதால், பலர் குத்தகைக்கு விட்டார்கள்.

நான் சந்தித்த பெரியவரிடம் ஆறு எருமைகள் இருந்தன. அரை ஏக்கரில் கேரட், பூண்டு. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. "புல்லு போச்சு, எருமை குறைஞ்சுது. எருமை போன வீட்டுல எருவும் போச்சு சார். மூட்டை உரம் வாங்கி உருளை போட்டவங்க கடன்ல நிக்கிறாங்க" என்றார். பக்கத்துக் குத்தகை நிலத்துக்குக் கோழி எரு கீழேயிருந்து லாரியில் ஏறி வருகிறது. அங்கே பாத்திகள் சரிவோடு இறங்குகின்றன. ஒரு மழைக்கே மண் ஓடையில் போய்ச் சேரும். பெரியவர் குறுக்கே பாத்தி பிடித்து, வரப்பில் புல் விட்டிருந்தார். அந்தப் புல்லும் எருமைக்குத்தான்.

கென்யா, தான்சானியாவின் மசாய் மக்களுக்கும் இதே நெருக்கடிதான். மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாகி வேலி விழுந்தது. பலர் மக்காச்சோளமும் பீன்ஸும் போடுகிறார்கள். மாடு மழை பெய்த பக்கம் நடந்து போகும், மக்காச்சோளம் நின்ற இடத்திலேயே காயும்.

இப்போது வாசகருக்கு என் பதில். எல்லாவற்றையும் விற்காதீர்கள். நல்ல பெட்டையாக முப்பதை நிறுத்துங்கள். கால் ஏக்கரில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் விதையுங்கள். வேர் பிடிக்கும் வரை ஆட்டை உள்ளே விடவேண்டாம், அறுத்துப் போடுங்கள். வேலியோரம் சூபாபுல். மற்றதில் ஆடிப்பட்டம் நிலக்கடலை, ஊடே துவரை. கடலைக்கொடியைக் காயவைத்துப் போர் போட்டால், கோடைக்குக் கை கொடுக்கும். அறுவடை முடிந்ததும் சொந்த நிலத்திலேயே கிடை மடக்குங்கள். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம்தான், ஆட்டு எருவில் 3 சதவிகிதம் வரை உண்டு. கிடை நகர்ந்ததும் மேலாக உழுதுவிடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரச் சத்து வெயிலில் போய்விடும்.

போர் போடும் முடிவைத் தள்ளிவையுங்கள். பண்ணைக்குட்டைக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். மகனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ஏக்கரிலும் எடுத்த அரைக்கிலோ மண்ணோடு ஒருநாள் அலுவலகத்துக்கு வாருங்கள்.