ஆடுகள் விட்டுச்சென்ற வழி

தென்மேற்கு ஸ்பெயினில் எக்ஸ்த்ரெமாதுராவுக்கு, சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிளோடு கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் இரண்டைச் சொல்லி அனுப்புகிறார்கள்: ஓக் மரங்களைப் பார், ஓக் கொட்டை தின்று வளர்ந்த கரும்பன்றியின் உப்புக்கண்டத்தைச் சாப்பிடு. இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் டயருக்கு அடியில் கிடக்கும் பாதை எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இருபுறமும் கம்பிவேலி போட்ட பெரும்பண்ணைகள். வேலிக்குள் காலெடுத்து வைக்க நமக்கு உரிமை கிடையாது. அவற்றுக்கு நடுவே, சில இடங்களில் நாலுவழிச் சாலையைவிட அகலமாக, புல்லும் சரளையுமாக ஒரு பட்டை நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகிறது. அது பொதுநிலம். அதில் சைக்கிள் ஓட்டுவதை வெறும் உல்லாசமாக நான் நினைக்கவில்லை. புழங்காவிட்டால் பறிபோகக்கூடிய ஒரு சொத்தைப் புழக்கத்தில் வைத்திருக்கும் காரியம் அது என்பதே என் கட்சி.

அந்தப் பட்டை ஆட்டுக்காக விடப்பட்டது. கோடையை வடக்கே லெயோன் மலைகளில் கழிக்கும் மந்தைகள், பனி விழுமுன் கிரேதோஸ் மலைத்தொடரின் பீக்கோ கணவாய் போன்ற வழிகளில் இறங்கி, குளிர்காலப் புல்லுக்காக எக்ஸ்த்ரெமாதுரா வந்து சேரும். வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிப் போகும். நம் கீதாரிகள் கிடை மாற்றிக்கொண்டே நடப்பது போன்றதுதான், ஆனால் தொலைவு பல நூறு கிலோமீட்டர், முதுகுக்குப் பின்னால் ராஜாங்கமே நின்றது. கம்பளி வருமானத்தின் அருமை தெரிந்த காஸ்தீல் அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ, 1273இல் மந்தைக்காரர்களின் சங்கமான மெஸ்தாவுக்குச் சாசனம் கொடுத்தான். பெரிய பாதையான கன்யாதாவின் அகலம் 90 வரா, இன்றைய அளவில் ஏறத்தாழ 75 மீட்டர். அதில் பாதி அகலம் கோர்தெல். இன்னும் குறுகலாக, 20 மீட்டர் அளவில், வெரெதா. மெஸ்தா ஒன்றும் சாது அல்ல, உழவர்களை அது படுத்திய பாடு தனிக்கதை. 1836இல் அதைக் கலைத்தார்கள். பிறகு ஆடுகள் ரயிலேறின, அப்புறம் லாரியேறின. நாடு முழுவதும் சுமார் 1,25,000 கிலோமீட்டர் பாதை, நடக்க மந்தை இல்லாமல் மிஞ்சியது. ஸ்பெயினின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இது. 1995இல் வந்த மூன்றாம் எண் சட்டம் இவற்றைப் பொதுச்சொத்து என்று உறுதிசெய்தது: விற்க முடியாது, எத்தனை காலம் ஆக்கிரமித்தாலும் உரிமை கொண்டாட முடியாது. கால்நடைக்கே முதலிடம், அதற்கு இடைஞ்சல் இல்லாமல் நடக்கலாம், குதிரையில் போகலாம், மோட்டார் இல்லாத வண்டியில் போகலாம். சைக்கிள் அந்தக் கடைசி வரியில்தான் உள்ளே வருகிறது.

சட்டம் இருக்கிறதே, பிறகு சைக்கிள்காரன் எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் பொதுநிலத்தின் வரலாறு தெரிந்த எவருக்கும் சட்டப் புத்தகத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம் தெரியும். பாதையை வகைப்படுத்தி அறிவிப்பது ஒரு கட்டம், எல்லையை அளந்து தீர்மானிப்பது இன்னொன்று, எல்லைக்கல் நடுவது மூன்றாவது. பல பாதைகள் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டன. கல் இல்லாத இடத்தில் ஏர் ஒவ்வொரு வருஷமும் ஒரு சால் உள்ளே வரும். அப்புறம் வேலி வரும், வேலிக்குக் கதவு வரும், கடைசியில் கதவுக்குப் பூட்டு வரும். ஆள் நடமாட்டம் இருக்கும் பாதையில் பூட்டுப் போட்டால் அன்றே சத்தம் வரும். யாரும் போகாத பாதையில் அது பூட்டு என்றே யாருக்கும் தெரியாது. மந்தைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது. 1994 முதல் இலையுதிர்காலத்தில் அவர்கள் மாத்ரித் நகரின் நடுத்தெருவில் ஆடுகளை ஓட்டிப் போகிறார்கள். 1418ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மராவெதி என்று, எப்போதோ வழக்கொழிந்த நாணயத்தில் நகராட்சிக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். வேடிக்கை போலத் தோன்றினாலும் அது உரிமை கோரல்.

இனி மரங்கள். தெஹேசா என்று அழைக்கப்படும் இந்த மேய்ச்சல்காட்டை இயற்கை என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். என்சீனா என்கிற பசுமை மாறா ஓக்கின் உச்சி குடைபோல விரிந்திருப்பது தானாக வளர்ந்த வடிவம் இல்லை; நிழலும் கொட்டையும் பரவலாக விழும்படி தலைமுறை தலைமுறையாகக் கோடரியால் கழித்துவிட்டது. கிளைகளின் அடிவிளிம்பு ஒரே உயரத்தில் கத்தரித்தாற்போல் தெரியும். அது மாடுகளின் நாக்கு எட்டும் உயரம். குளிர்காலத்தில் கொட்டை விழும்போது பன்றிகள் உள்ளே விடப்படுகின்றன. 2014ஆம் ஆண்டு அரசாணைப்படி ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1.25 பன்றி, மரம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். 60 நாளுக்கு மேல் மேய்ந்து குறைந்தது 46 கிலோ கூடினால்தான் கொட்டைப் பன்றி என்ற முத்திரை. மேற்கே எல்லை தாண்டிப் போர்ச்சுகலின் அலென்தேஜோவுக்குள் போனால் கார்க் ஓக்கின் அடிமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண் இருக்கும். 2 என்றால் 2022இல் பட்டை உரித்தது, 9 வருஷம் கழியாமல் மறுபடி உரிக்கக் கூடாது. உரித்த இடம் முதலில் காவி நிறம், ஆண்டு ஆக ஆகக் கறுத்துச் சாம்பலாகும். காரில் போகிறவருக்கு இந்த எண் தெரியாது. நடப்பவருக்குத் தெரியும், ஆனால் ஒரு கிராமத்துக்கும் அடுத்ததற்கும் 20 கிலோமீட்டர் இருக்கும் பகுதியில், தண்ணீர் தீருமுன் போய்ச்சேர வேண்டிய கவலையும் அவருக்கு உண்டு. 45 மில்லிமீட்டர் டயர் போட்ட வண்டி இந்த நிலத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

எதிர்க்கட்சியின் கனமான வாதம் வேறொன்று. இந்த அழகு பண்ணையார்களின் அழகு. கூலிகளின் பசிமேல் நின்ற நிலம் இது என்பார்கள். மறுக்க முடியாது. 1936 மார்ச் 25 அன்று படாஹோஸ் மாகாணத்தில் நிலமற்ற உழவர்கள் பல்லாயிரம் பேர் ஒரே நாளில் பண்ணைகளுக்குள் இறங்கி உழத் தொடங்கினார்கள். சில மாதங்களில் உள்நாட்டுப் போர் வந்தது, பண்ணைகளுக்குள் இறங்கியதற்குக் கொடூரமாகப் பழிதீர்க்கப்பட்டது. பண்ணை அடிமைக் குடும்பம் ஒன்றைப் பற்றி மிகெல் தெலிபெஸ் 1981இல் எழுதிய நாவலையும் 1984இல் மாரியோ காமுஸ் எடுத்த படத்தையும் அறிந்தவர்களுக்கு ஓக் நிழல் அவ்வளவு குளுமையாக இருக்காது. ஆனால் இந்த வரலாறு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. நிலம் சிலர் கையில் குவிந்த நாட்டில், ஒன்றும் இல்லாதவனும் கேள்வியின்றி நிற்கக்கூடிய இடம் அந்த 75 மீட்டர் பட்டை. அதை விட்டுக்கொடுப்பது யாருக்கு லாபம்?

நான் எளிதில் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் மண்ணைப் பற்றியது. ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் வேரை அழுக வைத்து ஓக்குகளைக் கொல்கிறது. அங்கே அதை லா சேக்கா என்கிறார்கள், மரம் நின்றபடியே காய்ந்துபோகும். ஈரமண்ணோடு அது இடம்விட்டு இடம் போகும். டயரில் ஒட்டிய சேறும் ஈரமண்தான். டிராக்டரும் மாட்டுக் குளம்பும் நம்மைவிட அதிகம் சுமக்கின்றன என்று சொல்லித் தப்பிக்கலாம், நான் சொல்ல மாட்டேன். மழைக்குப் பின் சில நாள் ஓட்டாமல் இருப்பது, பட்ட மரம் தெரிந்தால் சேற்றில் இறங்காமல் இருப்பது, அடுத்த பகுதிக்குப் போகுமுன் டயரைக் கழுவிக் காயவைப்பது எல்லாம் ஓட்டுகிறவர் கொடுக்க வேண்டிய வாடகை. மந்தை எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நிற்பதும் அதில் சேர்த்தி. காவலுக்கு வரும் மஸ்தீன் நாய்க்குச் சைக்கிள் என்றால் என்னவென்று தெரியாது.

கிராமங்களைச் சைக்கிள் காப்பாற்றும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு காப்பிக்கும் ஓர் இரவு அறைக்கும் கொடுக்கும் காசு, படித்துவிட்டு மாத்ரித் போன பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவராது. அதனால்தான் பயணிகளை இழுக்கப் பாதையைச் சமன்படுத்தித் தார் போடலாம் என்ற யோசனையையும் ஏற்க முடியவில்லை. தார் போட்டால் கார் வரும், ஆட்டின் குளம்பு தேயும், 75 மீட்டரில் 4 மீட்டர் மட்டும் பாதையாகி மீதி யாருடையதோ ஆகும். கிராவல் வண்டிக்குத் தார் தேவையும் இல்லை. செலவு செய்ய அரசிடம் பணம் இருந்தால் அளவையாளரை அனுப்பி எல்லைக்கல் நடட்டும். பயணிக்கும் அதுவே வழிகாட்டிப் பலகை.