மாத்தளை வழியாக நாலந்தாவுக்கு

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் கண்டியில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விருப்பம் எழுவதுண்டு. பிள்ளைகளைப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்று, பழங்காலத்து இடிபாடுகளைக் காட்டி, அன்றிரவே வீடு திரும்பிவிட வேண்டும் என்பதே அது. உடனே எல்லோர் நாவிலும் வரும் பெயர் அநுராதபுரம். ஆயின், இருப்புப்பாதைப் படத்தை விரித்துப் பார்த்தவர் சற்றுத் தயங்குவர். வடக்கே போக வேண்டியவர் முதலில் மேற்கே கடுகண்ணாவையில் மலையிறங்கிப் பொல்காவலையை அடைந்து, அங்கிருந்து குருநாகல், மாகோ வழியே செல்லல் வேண்டும். பகற்பொழுதின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். சிறுவருக்கு எஞ்சுவது களைப்பும் அழுகையுமே.

கண்டியிலிருந்து நேர் வடக்கே செல்லும் இருப்புப்பாதை ஒன்றும் உண்டு. 1880-ஆம் ஆண்டு மாத்தளைக்குப் போடப்பட்ட கிளைப்பாதை அது, அவ்வூரோடு நின்றுவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, வத்துகாமம், உக்குவளை ஆகிய ஊர்களினூடே செல்லும் அப்பயணம் குறுகியது. ஆனால் சாளரத்தை விட்டுப் பிள்ளைகளைப் பெயர்த்தெடுத்தல் அரிது. மாத்தளையில் இறங்கித் தம்புள்ளை செல்லும் பஸ் வண்டியில் ஏறினால், ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் நாலந்தா. நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். இச்சாலை யாழ்ப்பாணத்துக்கும் செல்வது. ஆதலால் பஸ்ஸில் உறங்கியவாறே நாலந்தாவைப் பலமுறை கடந்து சென்ற தமிழர் எத்தனையோ பேர்.

புறப்படுமுன் ஒன்று செய்தல் வேண்டும். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டு இருப்புப்பாதைகள் பலவிடங்களிற் சேதமுற்றன. எனவே, வண்டி ஓடுகின்றதா, திரும்பும் வண்டி எப்போது என்பவற்றை முதல் நாளே நிலையத்தில் விசாரித்தறிக. ஓடாதாயின் பஸ்ஸிலேயே செல்லலாம். சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தல்களும் வீட்டிலிருந்தே வரட்டும். இடிபாட்டைப் பார்க்கும் உற்சாகம் பசி வரும்வரைதான் என்பது எங்கள் வீட்டில் ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை.

நாலந்தாவில் உள்ளது ஒரேயொரு கற்கட்டடம். ‘கெடிகே’ என்பர் சிங்களர். எட்டாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்பர் ஆய்வாளர். மாமல்லபுரத்தைக் கண்டவர் எவரும் இதன்முன் ஒரு கணம் திகைத்து நிற்பர். அடித்தளத்தின் வரிகளும், லாட வடிவிற் குடைந்த கூடுகளும், மண்டபமும், இடைவழியும், கருவறையும் யாவும் பல்லவர் மரபே. சிகரத்தின் தென்முகத்தில் குபேரன் அமர்ந்திருக்கின்றான். ஆயினும் உள்ளே வழிபடப்பெற்றவர் புத்தர்பிரான். அருகே செங்கல் தூபம் ஒன்றின் சிதைவும் கிடக்கின்றது.

கட்டடம் இன்று நிற்பது அதன் பழைய இடத்திலன்று. முன்பு வயல்வெளியின் தாழ்வில் நின்றது. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அவ்விடம் நீரில் மூழ்கவிருந்தது. ஆகவே, கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்த்திய மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். நீர்த்தேக்கம் நிறைந்த காலத்தில் இருமருங்கும் நீர் சூழ, நடுவே செல்லும் பாதையில் பிள்ளைகள் ஓடுவதைக் காண்பதே ஓர் இன்பம்.

எங்களோடு வந்த இளையவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது கோயிலா, பன்சலையா? எங்களுடையதா, அவர்களுடையதா?” என்றான். இந்நாட்டில் இக்கேள்வி சிறுவர் விளையாட்டன்று. பெரியோரும் கேட்டு, அதன் பொருட்டுப் பெரும் விலையும் கொடுத்தாயிற்று. நான் அவனைப் படியில் இருத்தி மானவர்மன் கதையைக் கூறினேன். அரசுரிமை இழந்த அச்சிங்கள இளவரசன் காஞ்சியில் நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். சாளுக்கியரை எதிர்த்து அவன் பக்கம் நின்று போரிட்டான். பின்னர்ப் பல்லவர் படையுடன் மீண்டு, 684-இல் அநுராதபுரத்தில் முடி சூடினான் என்று சூளவம்சம் வழி அறிகின்றோம். மாமல்லன் எனப் பெயர் பெற்றவனும், மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்தவனும் அந்த நரசிம்மவர்மனே. அவ்வுறவின் வழியே இச்சிற்ப முறையும் கடல் கடந்து வந்திருத்தல் கூடும். “அப்படியானால் இரண்டும்தானே?” என்று கேட்டுவிட்டு அவன் தண்ணீரை நோக்கி ஓடிவிட்டான். கல்லூரியில் இதனை விளங்கவைக்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும்.

மாலை வண்டிக்கு நேரம் மிஞ்சினால் மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசித்து வரலாம். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் தலம் அது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே கால்நடையாகத் தம்புள்ளை, நாலந்தா வழியே இம்மாத்தளையை வந்தடைந்தனர். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிள்ளைகள் பஸ்ஸிற் சென்று திரும்பும் சாலை அவர்கள் நடந்து வந்த தடத்திலேயே செல்கின்றது.