நான்காவது ஆள்



2014ஆம் ஆண்டில் திருக்குறள் போட்டிக்கு மாணவர்களைப் பயிற்றுவித்துக் கொண்டிருந்தேன். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். "நான்காவது ஆள் எதற்கு, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஏதோ பொதுவான விடையைச் சொல்லிக் கடந்துவிட்டேன். உண்மையான விடையை என் தம்பியின் நோய்தான் கற்பித்தது.

மறு ஆண்டு தம்பி எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடந்தான். கிளினிக்கில் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதித் தந்தனர். மூன்றே வாரங்களில் சோர்வு பறந்தது, உறக்கமும் பறந்தது. நள்ளிரவில் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடித்தான். சேமிப்பையெல்லாம் எடுத்து மூன்று மோட்டார்சைக்கிள்களுக்கு முன்பணம் கட்டினான். மருத்துவமனையில் சேர்த்த பிறகே அது இருமுனைக் கோளாறு என்று தெரிந்தது. இந்நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் மனம் மறுமுனைக்குத் தாவிவிடக்கூடும். இரண்டாண்டுகளுக்கு முன்பும் அவன் சில வாரங்கள் உறங்காமல் ஓயாது பேசித் திரிந்ததுண்டு. கிளினிக் மருத்துவர் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதைச் சுறுசுறுப்பு என்றே எண்ணியிருந்தோம்.

பின்னர் லித்தியம் தொடங்கினர். பித்தெழுச்சிக்கு அது பயன்படுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்கான முதன்மை மருந்துகளுள் அதுவும் ஒன்று. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பர். லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை என்பது பலருக்கும் வகுக்கப்படும் இலக்கு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிப்பர்.

2018 தைப்பூசத்திற்கு உப்பில்லா விரதமிருந்து, தம்பி பத்துமலையில் பால்குடம் எடுத்தான். வெயிலில் நடந்து வியர்த்துக் களைத்தான், கால்வலி என்றான். என் கைப்பையில் இருந்த இபுபுரோஃபென் மாத்திரையை நானே கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் கைகள் நடுங்கின, நாக்குக் குழறியது, வாந்தி நிற்கவில்லை.

"வேறு என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று அவசரப் பிரிவில் கேட்டனர்.

உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அவ்வாறே செய்யும். நாங்கள் மூன்றையும் ஒருங்கே செய்திருந்தோம். லித்தியத்தை நிறுத்தி, உப்புநீர் ஏற்றி அவனை மீட்டனர். உடல் தேறிய பின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினர்.

நான் அழுதபோது, "நானும் என்ன மாத்திரை என்று கேட்கவில்லையே, அக்கா" என்றான் தம்பி.

இன்று அவனுடைய மருந்துகளின் பெயர், அளவு, அடுத்த இரத்தப் பரிசோதனை நாள் ஆகியவற்றை எழுதிய தாள் என் கைப்பையில் இருக்கிறது. கடையில் வலி மாத்திரை வாங்கினாலும் மருந்தாளரிடம் அதைக் காட்டுகிறோம். விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேட்கிறோம். நலமாகிவிட்டான் என்று நாமே மாத்திரையை நிறுத்துவதுமில்லை. திடீரென நிறுத்தினால் நோய் விரைந்து திரும்பும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும், சோர்ந்த நாள்களோடு துள்ளித் திரிந்த நாள்களையும் சொல்லுங்கள்.

இப்பொழுது அந்தக் குறளை நடத்தும்போது நான்காவது ஆளைப் பற்றித்தான் நெடுநேரம் பேசுகிறேன்.