வெறும் பாறைதானே என்றான் மகன்

முதுமலைக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த என் மகன், ஒரு வாரமாக யானை, காட்டெருமை, மான் என்று அதே பேச்சாக இருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது, "நம்ம ஊர்லயும்தான் மலை இருக்கு. என்னம்மா பிரயோஜனம்? வெறும் பாறை" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் பதில் சொல்ல எதுவும் தோன்றவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் தினமும் கண்ணில் படுகின்றன. பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பதுபோல்தான் அவற்றையும் பார்த்திருக்கிறேன்.

கூடத்தில் இருந்த அப்பா எதுவும் பேசவில்லை. அவர் 28 வருடம் கல் குவாரியில் வேலை செய்தவர். அந்தக் கூலியில்தான் என்னைப் படிக்க வைத்தார்.

எங்கள் தெருவில் தாவரவியல் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஞாயிறு ஆனால் கழுத்தில் பைனாகுலரோடு கிளம்பிவிடுவார். அவரிடம் மகன் சொன்னதைச் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்கக்கா" என்றார். அப்பாவும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பியதுதான் ஆச்சரியம்.

கோட்டை திறந்ததும் உள்ளே போனோம். வாசலில் மகன் குரங்குகளுக்காகப் பொரி கேட்டான். நானும் சின்ன வயதில் போட்டவள்தான். தம்பி தடுத்தார். "அதுங்களுக்கு வேண்டிய பழமும் இலையும் மலையிலேயே இருக்குடா. நாம போட்டுப் பழக்கினா, அப்புறம் பையைப் பிடுங்கும்."

கல்யாண மஹாலைத் தாண்டி ராஜகிரி அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது பாறை ஓணான். உடம்பில் செக்கச்சிவப்பும் கறுப்புமாக, தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இணை தேடும் காலத்தில் ஆண் ஓணானுக்கு இந்த நிறம் வருமாம். மகன் போனை எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் தம்பி கையைப் பிடித்து அழுத்தினார். பாறை இடுக்கில் வளர்ந்த அத்திமரத்தில் ஒரு சின்னப் பறவை. தலையும் தொண்டையும் மஞ்சள், முதுகு சாம்பல். "மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பாறையும் புதரும் சேர்ந்த இந்த மாதிரி மலையிலதான் இருக்கும். அழியும் அபாயத்துல இருக்கிற பறவைன்னு உலகப் பட்டியல்லயே போட்டிருக்காங்க" என்றார்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "இது நாங்க உடைச்ச மலையிலயும் இருந்துச்சு."

அந்த மலை எனக்கும் தெரியும். பள்ளி விடுமுறையில் அங்கேதான் சீத்தாப்பழம் பறிப்போம். இப்போது மலை இல்லை. தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருக்கிறது. குவாரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் சாப்பிட்ட சோறு அது. அப்பாவே தொடர்ந்தார்: "மரத்த வெட்டினா திரும்ப நட்டுடலாம். மலைய என்ன பண்றது?"

1690-ல் முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. அத்தனை வருடம் காத்தது மதில் மட்டுமல்ல, ஏற முடியாத இந்தப் பாறைகளும்தான். 2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. ஊரே கொண்டாடியது. கொண்டாடியபோது நாங்கள் மதிலைத்தான் நினைத்தோம். மதிலுக்கு நடுவே குடியிருக்கும் உயிர்களை யாரும் நினைக்கவில்லை.

புலியும் யானையும் இருந்தால்தான் காடு என்பதில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைக்காட்டை 2022-ல் தேவாங்குக்காகவே சரணாலயமாக அறிவித்தார்கள். 11,806 ஹெக்டேர். உள்ளங்கை அகலப் பிராணிக்கு அவ்வளவு பெரிய இடம்! அதே தேவாங்கு செஞ்சிக்குப் பக்கத்தில் பக்கமலைக் காட்டிலும் இருக்கிறது என்று தம்பி சொன்னதும் மகன் வாயைப் பிளந்தான்.

திரும்பும்போது வழியில் கிடந்த சிப்ஸ் கவர்களை அவனாகவே பொறுக்கிப் பையில் போட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தாத்தா, அந்த மலையில வேற என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டான். அப்பா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். மகன் நோட்டில் எழுதிக்கொண்டான். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

செஞ்சிக்கு வந்தால் கொஞ்சம் சீக்கிரமாக வாருங்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். கொண்டுவந்த கவரைத் திரும்ப எடுத்துப்போங்கள். மேலே ஏறும் முன் ஐந்து நிமிடம் அடிவாரத்தில் சும்மா உட்காருங்கள். அந்த மஞ்சள் தொண்டைக்காரர் கண்ணில் பட்டாலும் படுவார்.