கத்தினால் அஞ்சு ரன் கட்!

எங்கள் ஃப்ளாட்ஸ் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். பி.காம். படித்த பாவம்!

போன மாசம் முதல் மாடிப் பெரியவர் டென்னிஸ் பந்தும் கையுமாக வந்தார். "சார், குடியிருப்புப் பகுதியிலே பகல்ல 55 டெசிபல்தான். 2000-ம் வருஷத்து ரூல்!"

உங்கள் வீட்டுக் குக்கர் விசில் எத்தனை டெசிபல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்காரிக்கு கீமோ. சாயங்காலம்தான் கொஞ்சம் கண் அசர்றா."

பசங்களும்தான் எங்கே போவார்கள்? மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் ஓ.எஸ்.ஆர். என்கிற பொதுத் திறந்தவெளிப் பேச்சே வரும். எங்களுடையது சென்னையில் நாலு கிரவுண்டு. மிச்சம் இருப்பது கார் பார்க்கிங்!

'கீழே விளையாடக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டினேன். என் எட்டு வயசுப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான் (கான்வென்ட் தமிழ்!). "நீயாப்பா கையெழுத்து போட்டே?" ராத்திரி சாப்பிடும்போது என்னோடு பேசவில்லை.

இரண்டு நாளில் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். பழைய சாக்ஸைச் சுருட்டினால் பந்து. அப்பீலுக்குக் கை மட்டும். கத்தினால் அஞ்சு ரன் கட். நான் நோட்டீஸைக் கிழித்துவிட்டேன்.

நேற்று ஆபீஸிலிருந்து வரும்போது பார்க்கிறேன், பால்கனியில் நாற்காலி போட்டு மாமி. தலையில் ஸ்கார்ஃப். மெதுவாக விரலைத் தூக்கினார். அவுட்!

"அது நோ பால் பாட்டி..." என்று கீழிருந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தான் என் பையன்.