சருகு ஒதுங்கிய பக்கம்

பொங்கல் லீவு விட்ட அன்றே மதுரையிலிருந்து கிளம்பிவிடுவோம். நிலக்கோட்டை தாண்டி வத்தலக்குண்டு. அங்கிருந்து பட்டிவீரன்பட்டி பஸ். மேற்கே பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியத் தொடங்கினால் சேவுகம்பட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாச்சி திண்ணையில் காத்திருப்பாள்.

1990-களின் தொடக்கம் அது. ஐப்பசி மழையில் ஊன்றிய மக்காச்சோளம் தை பிறக்கும்போது ஏழடிக்கு நிற்கும். பாருக்கும் பாருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. எங்களுக்கு அது போதும். உள்ளே நுழைந்து பத்தடி போனால் வானம் ஒரு கீற்று, மற்றதெல்லாம் தோகை. தோகையின் ஓரம் கையைக் கீறும், வியர்வை பட்டால் எரியும். ஆனாலும் ஓடுவோம். ஒளிந்துபிடித்து விளையாட அதைவிட நல்ல இடத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஒருநாள் நிஜமாகவே வழி தொலைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தட்டை. அழுத சத்தம் கேட்டு வரப்பிலிருந்தே அம்மாச்சி குரல் கொடுத்தாள்: "கீழ பாரு சாமி. சருகு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கு? தண்ணி அந்தப் பக்கத்துலேருந்து வந்திருக்கு. நீ தண்ணிய எதிர்த்து நட. கிணத்துக்கு வந்துருவ."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தட்டையின் அடியிலும் சருகு ஒரே திசையில் அண்டியிருந்தது. எதிர்த்து நடந்தேன். வாய்க்கால் வந்தது, மடை வந்தது, மண்வெட்டியோடு அவள் நின்றாள்.

வரப்பெல்லாம் சர்க்கரைப் பூசணிக் கொடி. மார்கழி லீவுக்குப் போனால் விடியும் முன்பே பூப்பறிக்க அனுப்புவாள். வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும். அடியில் குண்டாகப் பிஞ்சு இருக்கும் பூவைத் தொடக் கூடாது. நீளக் காம்பில் நிற்கும் ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். அதுதான் வாசல் கோலத்தில் சாண உருண்டைமேல் ஏறும். விட்டுவைத்த பிஞ்சு தையில் மொச்சையோடு பொங்கல் குழம்பில் வெந்து இனிக்கும். மீந்த காய்களை நகத்தால் கீறிப் பார்ப்பாள். நகம் இறங்காத காய்தான் பரணுக்குப் போகும்.

தை மூன்றாம் நாள் சேவுகம்பட்டிச் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழச் சூறை. வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து பழத்தை வீசுவார்கள். எனக்குக் கிடைத்த பழத்தை அம்மாச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த வெள்ளாமைக்கு வேண்டிக்கொள்வாள்.

அமெரிக்காவிலிருந்து தங்கை அண்மையில் படங்கள் அனுப்பினாள். அங்கே இலையுதிர் காலத்தில் குடும்பப் பண்ணைகள் சோளக்காட்டுக்குள் சுற்றுவழி வெட்டிப் பிள்ளைகளை விடுகின்றன. 1993-இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில் வெட்டியதிலிருந்து இது பரவியதாம். பக்கத்தில் பூசணிக் குவியல். மக்காச்சோளமும் பூசணியும் பிறந்த கண்டமே அதுதான். அவரையையும் சேர்த்து மூன்று சகோதரிகள் என்று அந்த மண்ணின் பழங்குடிகள் ஒரே மண்மேட்டில் வளர்த்தார்கள். கடல் கடந்து வந்த இரண்டும் எங்கள் வயலிலும் வரப்பிலுமாகப் பிரியாமல் இருந்திருக்கின்றன.

2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற வருஷம் மாமா சோளத்தையே விட்டுவிடுவதாகச் சொன்னார். விடவில்லை. வாய்க்கால்தான் போய்விட்டது, இப்போது சொட்டுநீர்க் குழாய்.

போன தையில் மகளைக் கூட்டிப்போனேன். சோளத்துக்குள் நுழையும் முன் கேட்டாள்: "உள்ள தொலைஞ்சிட்டா எப்படிப்பா வர்றது?" குழாய் ஓடும் வயலில் அம்மாச்சியின் வழியை எப்படிச் சொல்வது என்று தயங்கிக் குனிந்தேன். மார்கழியில் பெய்த மழையில் சருகு அண்டியிருந்தது, அதே பக்கமாக. வயலின் வாட்டம் மாறவில்லை.

"கீழ பாரு சாமி" என்றேன்.